பேஜ்மேக்கர் கோப்பில் இருந்த வில்லுப்பாட்டு நூல்: நாகர்கோவில் அச்சகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் உள்ள ஒரு சிறிய ஆப்செட் அச்சகத்தில் 2025 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நான் இந்த ஊரில் கடைகளுக்கும் அச்சகங்களுக்கும் கணினி பராமரிப்பு வேலை செய்பவன். இதே நிலையில் இன்னும் பல அச்சகங்கள் இருப்பதைப் பார்த்து வருகிறேன். அதனால் சரியாகச் செய்ததையும் தவறவிட்டதையும் மறைக்காமல் எழுதுகிறேன். யாருடைய பெயரையும் சேர்க்கவில்லை.

கல்யாணப் பத்திரிகை, கொடை (கோவில் திருவிழா) நோட்டீஸ், அடியந்திரக் (இறப்புச் சடங்கு) கார்டு, பில் புக், வருடத்துக்கு ஒன்றிரண்டு புத்தகம். அந்த அச்சகத்தின் வேலை இவ்வளவுதான். முதலாளிக்கு எழுபதை நெருங்கும் வயது. எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. டிடிபி, அதாவது கணினியில் தட்டச்சும் பக்க அமைப்பும், செய்யும் அக்கா 1999 முதல் அதே நாற்காலியில் இருக்கிறார். அவர் விரல்களுக்குத் தெரிந்தது பழைய தமிழ்த் தட்டச்சு முறை. விசைப்பலகையைப் பார்க்காமலே, வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே அடிப்பார்.

அவருடைய கணினி 2004-இல் அசெம்பிள் செய்த பென்டியம் 4. 80 ஜிபி ஐடிஇ (பழைய இணைப்பு வகை) ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் அமைக்கும் நிரலான பேஜ்மேக்கர் 7, ஒரு தமிழ் எழுத்துருத் தொகுப்பு, அதற்கே உரிய விசைப்பலகை நிரல். இணைய இணைப்பு கிடையாது. பேஜ்மேக்கர் 1985-இல் ஆல்டஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. 1994-இல் அடோபி அந்த நிறுவனத்தை வாங்கியது. 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு அது நின்றுவிட்டது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனிலும் 2012-இன் சிஎஸ்6 பதிப்பு வரைதான் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கலாம். இதெல்லாம் அண்ணாச்சிக்குத் தெரியும். ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் தவறு இருந்ததாக நான் நினைக்கவில்லை. வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். அகஸ்தீஸ்வரம் தாலுகாவைச் சேர்ந்த ஒரு வில்லுப்பாட்டுப் புலவர், தான் பாடிய கதைகளையும் தன் ஆசான் வாயிலிருந்து கேட்ட கதைகளையும் தொகுத்து 2003-இல் இங்கே அச்சிட்டார். 356 பக்கம், 11 கோப்புகள். புத்தகம் வெளிவந்த பிறகும் அவர் விடவில்லை. ஒவ்வொரு கொடை முடிந்ததும் அச்சகத்துக்கு வந்து அக்காவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இந்த வரி இப்படி இல்லை, இடத்தே (இடப்பக்கம்) இருந்து பாடுகிறவர் திரும்பச் சொல்லும்போது இப்படி வரும் என்று கோப்பிலேயே திருத்த வைப்பார். இது 2011 வரை நடந்தது. அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். அந்தத் திருத்தங்கள் வேறு எங்கும் இல்லை. அச்சான புத்தகத்திலும் இல்லை, அவருடைய நோட்டுகளிலும் இல்லை. அந்த 80 ஜிபி டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தன.

2025 சித்திரைக் கடைசிச் செவ்வாய், மே 13 அன்று அவர் ஊர்க் கோவிலில் கொடை. அதற்குள் திருத்திய பதிப்பை 500 பிரதி போட வேண்டும் என்று புலவரின் மகன் பிப்ரவரியில் முன்பணம் கொடுத்திருந்தார்.

கணினி நின்றது

மார்ச் கடைசி வாரத்தில் ஒரு மாலை, கோடை மழையோடு வந்த இடியில் அச்சகத்தின் ஒரு பக்க மின்சாரம் போய்த் திரும்பியது. அதற்குப் பிறகு அந்தக் கணினி எழவில்லை. நான் மறுநாள் காலை போய்த் திறந்து பார்த்தேன். பவர் சப்ளை கருகியிருந்தது. மதர்போர்டில் செயலியைச் சுற்றி இருந்த கெப்பாசிட்டர்களில் நான்கின் தலை உப்பி, ஒன்றிலிருந்து பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. அந்த உப்பல் ஒரு இரவில் வருவதல்ல. பல மாதங்களாகவே போர்டு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இடி அதை முடித்து வைத்தது.

“மக்களே, புலவருக்க புக்கு உள்ளதான் கெடக்கு. அதை மட்டும் எடுத்துத் தா,” என்றார் அண்ணாச்சி. கணினியின் விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். டிஸ்க்கைக் கழற்றி, கடையில் இருந்த இன்னொரு பழைய கணினியில் மாட்டி, உள்ளே கோப்புகள் இருக்கின்றனவா என்று திறந்து பார்த்தேன். டிக் டிக் என்று சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டு, கேபிள் சரியில்லையோ என்று மறுபடி ஒரு தடவை இயக்கினேன். சத்தம் போடும் டிஸ்க்கைப் பார்ப்பதற்காக இயக்கக் கூடாது. இயக்குவது ஒரு தடவை என்றால், அது நகல் எடுப்பதற்காக இருக்க வேண்டும். பிறகு வாசிக்க முடியாமல் போன பகுதிகளில் எவ்வளவு அந்த இரண்டு தடவையால் வந்தது என்று சொல்ல வழியில்லை.

டிஸ்க்கின் நகல்

ஐடிஇ டிஸ்க்கை யூஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர் நாகர்கோவில் கடைகளில் கிடைக்கவில்லை. மார்த்தாண்டத்தில் பழைய லேப்டாப் சர்வீஸ் செய்யும் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். லினக்ஸ் பென்டிரைவில் இயக்கி, டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் முழு டிஸ்க்கையும் ஒரே படிமக் கோப்பாக எடுத்தேன். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துப் பிறகு திரும்பி வந்து முயல்வது அதன் முறை. பெரும்பகுதி இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. மீதியை இரவு முழுக்க முயன்றது. காலையில் பார்த்தபோது 2 எம்பிக்குச் சற்றுக் கூடுதலான அளவு மட்டும் வாசிக்கப்படாமல் நின்றது.

80 ஜிபியில் 2 எம்பி என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அதில் ஒரு துண்டு விழுந்த இடம் புத்தகத்தின் 6-ஆம் கோப்பு.

படிமத்தை இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் வைத்தேன். மூல டிஸ்க்கை உறையில் போட்டு, தேதி எழுதி, அண்ணாச்சியின் மேசை இழுப்பறையில் வைத்தோம். இதற்குப் பிறகு செய்த எல்லா வேலையும் நகலின் நகலில்தான்.

என்னென்ன வழிகள் இருந்தன

ஐந்து வழிகளைப் பேசினோம். பழைய பென்டியம் 4 ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி அதில் டிஸ்க்கின் படிமத்தை ஏற்றுவது அண்ணாச்சிக்குப் பிடித்தது. கிடைக்கிற போர்டுகளும் அதே 20 வயதுக் கிழங்கள் என்பதால் நான் தயங்கினேன். அச்சான புத்தகத்தைப் பார்த்து மறுபடி அடிப்பது இன்னொரு வழி. அக்காவின் வேகத்திலேயே ஒரு மாதம் ஆகும், புதுப் பிழைகள் சேரும், 2003-க்குப் பின் வந்த திருத்தங்களும் போய்விடும். லிப்ரேஆபீஸ் 4.4 பதிப்பிலிருந்து அதன் டிரா நிரல் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். திறந்து பார்த்தேன், எழுத்து வந்தது, பக்க அமைப்பு கலைந்தது. மீதி இரண்டு: புதிய விண்டோஸ் 11 கணினியில் பேஜ்மேக்கரை நேரடியாக ஓட்டுவது, அல்லது அதற்குள் ஒரு மெய்நிகர் கணினி (மென்பொருளாலேயே ஆன இன்னொரு கணினி) அமைத்து எக்ஸ்பியை ஓட்டுவது.

அண்ணாச்சி அந்த வாரமே ஒரு விண்டோஸ் 11 கணினி வாங்கினார். பில் போடும் விண்டோஸ் 10 கணினிக்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிய இருந்ததால், எப்படியும் ஒன்று வாங்க வேண்டியிருந்தது.

நேரடியாக ஓட்டிப் பார்த்தது

நேரடி வழியை முதலில் எடுத்ததற்குக் காரணம், அது நடந்துவிட்டால் அக்காவுக்கு எதுவும் மாறாது. பேஜ்மேக்கர் 32 பிட் நிரல். 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்கள் ஓடும். 16 பிட் நிரல்கள் ஓடாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. எழுத்துருத் தொகுப்பின் நிறுவல் நிரல் அந்தப் பழைய 16 பிட் வகை. சிடியைப் போட்டதும், இந்த நிரலை இந்தக் கணினியில் இயக்க முடியாது என்று வந்து நின்றது. உள்ளே இருக்கும் விசைப்பலகை நிரல் 32 பிட்தான்; அதை ஏற்றி வைக்கும் நிரல்தான் 16 பிட். இது பழைய மென்பொருள்களில் அடிக்கடி காணும் நிலை. நிறுவல் நின்றுவிட்டது என்றால் மென்பொருளே ஓடாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் படிமத்திலிருந்து, ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த கோப்புறையை அப்படியே எடுத்துப் புதிய கணினியில் வைத்தோம். ஓடியது.

அடுத்தது எழுத்துரு. கோப்பைத் திறந்ததும் தமிழே இல்லை. தலையில் கோடும் கீழே வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் முழுக்க வரிசையாக நின்றன. அக்கா முகம் மாறிவிட்டது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்தார். கோப்பு நன்றாகத்தான் இருந்தது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, எழுத்துருவை இரட்டைச் சொடுக்கில் நிறுவினால் அது அந்தப் பயனருக்கு மட்டும் உரிய கோப்புறையில் போய் உட்காரும். பழைய நிரல்கள் அங்கே தேடாது. எல்லாப் பயனருக்கும் நிறுவு என்று தேர்ந்தெடுத்ததும் தமிழ் வந்தது.

மூன்றாவது, தட்டினால் தமிழ் வரவில்லை. இதற்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று. பேஜ்மேக்கர் தன் கோப்புறையிலேயே சில கோப்புகளை எழுத முயல்வதால், அதை நிர்வாகி உரிமையோடு ஓட வைத்திருந்தேன். விசைப்பலகை நிரலைச் சாதாரணமாக ஓட விட்டிருந்தேன். விஸ்டாவிலிருந்து, கூடுதல் உரிமையோடு ஓடும் நிரலின் விசையழுத்தங்களில் குறைந்த உரிமையுள்ள நிரல் குறுக்கிட முடியாது. இரண்டையும் ஒரே உரிமையில் ஓட விட்டதும் வேலை செய்தது. 64 பிட் நோட்பேடில் அப்போதும் தமிழ் வரவில்லை. 32 பிட் நிரல், விசையழுத்தத்தைப் பிடிக்கும் தன் கண்ணியை 64 பிட் நிரலுக்குள் நுழைக்க முடியாது என்பதால் அது எதிர்பார்த்ததே.

இவ்வளவு தூரம் வந்தும் இந்த வழியைக் கைவிட்டோம். திருத்தலாம், சேமிக்கலாம், அச்சுக்குக் கொடுத்தால் பேஜ்மேக்கர் எந்தச் செய்தியும் காட்டாமல் மூடிக்கொண்டது. பத்துத் தடவையில் ஆறு தடவை அப்படி. 2001-இல் வந்த நிரல் இந்த விண்டோஸுக்காகச் செய்யப்பட்டதல்ல. இன்னும் நோண்டினால் காரணம் தெரிந்திருக்கலாம். ஆனால் ஏப்ரல் பிறந்துவிட்டது. எப்போது மூடும் என்று தெரியாத நிரலில், வேறு எங்கும் இல்லாத ஒரு பிரதியைத் திருத்த வைப்பது சரியில்லை என்று நானே சொன்னேன்.

மெய்நிகர் கணினிக்குள் எக்ஸ்பி

விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி நிரலில் பழைய டிஸ்க்கின் படிமத்தை மாட்டி இயக்கினேன். முதலில் 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத் திரை. மெய்நிகர் டிஸ்க்கை சாட்டா என்ற புதிய வகைக் கட்டுப்படுத்தியில் இணைத்திருந்தேன்; அந்த எக்ஸ்பியிடம் அதற்கான டிரைவர் இல்லை. ஐடிஇக்கு மாற்றியதும் எழுந்தது. பழைய வால்பேப்பர், டெஸ்க்டாப்பில் வரிசையாக வாடிக்கையாளர் பெயரில் கோப்புறைகள். அக்கா பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் அதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. காரணம் இரண்டு. வன்பொருள் மாறிவிட்டது என்று கண்டுகொண்ட எக்ஸ்பி மறுபடி உரிமத்தை உறுதிப்படுத்தக் கேட்டது. அந்த உரிமமோ பழைய கணினியோடு சேர்ந்து வந்தது. தவிர, வாடிக்கையாளர்களின் பென்டிரைவுகளிலிருந்து வந்த ஆட்டோரன் வைரஸ்கள் 15 வருடமாக உள்ளே குடியிருந்தன. அண்ணாச்சியிடம் பெட்டியோடு வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த இன்னொரு எக்ஸ்பி சிடி இருந்தது. அதைக் கொண்டு புதிதாக ஒரு மெய்நிகர் கணினி அமைத்தோம். பழைய படிமத்தை இரண்டாவது டிஸ்க்காக இணைத்து, எழுத்துருக்கள், விசைப்பலகைக் கோப்புறை, புத்தகக் கோப்புகள் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஓடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அது வெளியே போகவே தேவையில்லை.

இதிலும் ஒரு சிக்கல். பேஜ்மேக்கர், எந்தப் பிரிண்டருக்கு என்று குறித்திருக்கிறதோ அதன் அளவுகளை வைத்துத்தான் வரிகளை அமைக்கும். புது எக்ஸ்பியில் பழைய பிரிண்டர் டிரைவர் இல்லாததால், கோப்பைத் திறந்ததும் மறுபடி அமைக்கவா என்று கேட்டது. யோசிக்காமல் சரி என்று கொடுத்தேன். அன்று மாலை புலவரின் மகன் வந்து முதல் கதையைப் புரட்டியவர், 14 இடங்களில் விரல் வைத்தார். வரியின் கடைசிச் சீர் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. “வில்லடிக்கிறவன் மூச்சு விடுற எடம் இது தம்பி. வரி ஒடைஞ்சா பாட்டு ஒடையும்,” என்றார். உரைநடைப் புத்தகமாக இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பழைய படிமத்திலிருந்து அதே டிரைவரை எடுத்து நிறுவி, கோப்புகளை மறுபடி மூலத்திலிருந்து நகலெடுத்துத் திறந்தோம். வரிகள் தம் இடத்துக்கு வந்தன.

ஆறாம் கோப்பு

11 கோப்புகளில் 10 சரியாகத் திறந்தன. ஆறாவது, பதிவெண் தவறு என்ற செய்தியோடு நின்றது. உள்ளே கட்டமைப்பு சிதைந்த பேஜ்மேக்கர் கோப்புகளில் வழக்கமாக வருவது அது.

அச்சகத்தில் 2004-இல் எழுதிய ஒரு சிடியில் இதே கோப்பு இருந்தது. அது திறந்தது. ஆனால் அது திருத்தங்களுக்கு முந்தையது. சிதைந்த கோப்பை வெறும் பைட்டுகளாகத் திறந்து பார்த்தேன். கட்டமைப்பு உடைந்திருந்தாலும் எழுத்து பெரும் துண்டுகளாக அப்படியே கிடந்தது. சிடிக் கோப்பிலிருந்தும் அதேபோல் எழுத்தை எடுத்து, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். வேறுபட்ட வரிகள் எல்லாம் புலவர் 2004-க்குப் பிறகு செய்த திருத்தங்கள். 83 வரி கிடைத்தது. அக்கா அவற்றைச் சிடிக் கோப்பில் ஒவ்வொன்றாக ஏற்றினார். சிலவற்றைப் பார்த்ததும், “இது அவரு ரெண்டு நாளு யோசிச்சு மாத்துனது,” என்று சொன்னார்.

ஏறத்தாழ மூன்று பக்க எழுத்து எதிலும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் 2003-இன் பாடமே நிற்கிறது. புலவர் தன் சொந்தப் பிரதியில் பென்சிலால் குறித்திருந்த சில சொற்களை மகன் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். அதற்கு மேல் இல்லை.

ஒரு நாள் வேலை போனது

ஏப்ரல் நடுவில் இன்னொரு பிழை நடந்தது, இதுவும் என்னுடையதே. மெய்நிகர் கணினியில் அவ்வப்போது நிலைப்பதிவு (அந்த நேரத்தின் முழு நிலையைப் பதிந்து வைப்பது) எடுத்து வைத்திருந்தேன். ஒரு காலையில் எக்ஸ்பி திணறியதால், இரண்டு நாள் முந்தைய நிலைப்பதிவுக்குத் திருப்பினேன். முந்தின நாள் அக்கா திருத்திய 22 பக்கமும் அதோடு போயிற்று. கோப்புகள் மெய்நிகர் டிஸ்க்குக்குள்ளேயே இருந்தன. நிலைப்பதிவுக்குத் திரும்பினால் இயங்குதளம் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் எல்லாமே பின்னால் போகும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அக்கா ஒன்றும் சொல்லாமல் மறுபடி உட்கார்ந்து அடித்தார். அன்று முதல் ஒவ்வொரு மாலையும் மெய்நிகர் கணினியை அணைப்பதற்கு முன், புத்தகக் கோப்புறையை வெளியே உள்ள டிஸ்க்குக்கு நகலெடுப்பது பழக்கமாயிற்று. தேதி போட்ட கோப்புறை, நாளுக்கு ஒன்று.

அச்சுக்குப் போனது

முன்பெல்லாம் லேசர் பிரிண்டரில் டிரேசிங் பேப்பரில் எடுத்து அதிலிருந்து பிளேட் போடுவார்கள். இப்போது பிளேட் போடுகிறவர்கள் பிடிஎஃப் கேட்கிறார்கள். மெய்நிகர் கணினியில் பேஜ்மேக்கரிலிருந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக எடுத்து, அடோபியின் டிஸ்டில்லர் நிரலில் பிடிஎஃப் ஆக்கினோம். எழுத்துரு பிடிஎஃபுக்குள் பதிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கோப்பிலும் பார்த்தோம். ஒன்றில் பதியவில்லை. பார்க்காமல் அனுப்பியிருந்தால் 30 பக்கம் ஐரோப்பிய எழுத்தில் அச்சாகியிருக்கும்.

ஏப்ரல் 22-இல் பிடிஎஃப் போயிற்று. மே 9-இல் 500 பிரதியும் பைண்டிங் முடிந்து வந்தன. கொடைக்கு நான்கு நாள் இருந்தது.

யூனிகோடுக்கு மாற்றியது

இதோடு நிறுத்தலாம் என்பது அண்ணாச்சியின் எண்ணம். நான் ஒப்பவில்லை. மெய்நிகர் கணினி சில வருடங்களுக்கு ஒரு பாலம். இந்தக் கோப்புகளுக்குள் இருப்பது தமிழ் அல்ல, எண்கள். 256 இடங்களில் எந்த எண்ணுக்கு எந்த எழுத்துருவம் என்று முடிவு செய்தது எழுத்துருவைச் செய்தவர். தமிழ்நாட்டு அரசின் 1999 தரங்களான டாம், டாப் குறியீடுகளோ டிஸ்கியோ ஆக இருந்தால் மாற்றும் கருவிகள் ஆயத்தமாகக் கிடைக்கும். இது அந்த நிறுவனத்தின் சொந்தக் குறியீடு. அந்த எழுத்துரு கோப்பு தொலைந்தால், புத்தகம் இருந்தும் வாசிக்க முடியாது. எழுத்துருவைப் பார்த்து இது இன்ன எழுத்து என்று சொல்லும் அக்கா இருக்கும்போதே, எல்லா நிரலுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு இதை மாற்ற வேண்டும் என்று வற்புறுத்தினேன். புலவரின் மகன் என் பக்கம் நின்றார்.

32 முதல் 255 வரை உள்ள 224 இடங்களையும் கட்டம் போட்டு ஒரே தாளில் அச்சிட்டு, அக்காவிடம் கொடுத்தேன். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து, பென்சிலால் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதினார். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை போட்ட லை, னை கூட மூலையில் இருந்தன. அந்தத் தாளிலிருந்து பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சிறிய மாற்றி எழுதினேன்.

கொம்பை இடம் மாற்றுவது எளிது. பழைய கோப்பில் கொம்பு முதலில் வரும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால் வரும். ர், ரி, ரீ ஆகியவற்றை அக்கா பல இடங்களில் துணைக்காலில் புள்ளியோ சுழியோ வைத்து அடித்திருந்தார். தாளில் வித்தியாசம் தெரியாது. ஆனால் யூனிகோடில் ‘ஊர்’ என்று தேடினால் கிடைக்காது. துணைக்காலுக்குப் பின் புள்ளியோ சுழியோ தமிழில் வரவே வராது என்பதால் ஒரே விதியில் சரியாயிற்று. 173-ஆம் இடத்தில் இருந்த ஒரு எழுத்து, நகலெடுத்து ஒட்டும்போது காணாமல் போனது. புதிய நிரல்களுக்கு அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி. பைட்டாகவே வாசித்ததும் அதுவும் வந்தது.

விதிக்குள் அடங்காமல் நின்றது ஔகாரம். பழைய எழுத்துருவில் ‘ௌ’-வின் வலப்பக்கத் துண்டும் ‘ள’-வும் ஒரே எண். அதனால் கொம்பு, மெய், ள என்று வந்தால் அது ஔகாரமா தனி ளகரமா என்பது எண்ணைப் பார்த்துத் தெரியாது. ளகரத்துக்குப் புள்ளி இருந்தால் அது ள், ‘வெள்ளி’ தப்பிக்கும். இதைக்கூடக் கவனிக்காத மாற்றிகள்தான் ‘வௌ்ளி’ என்று தருகின்றன. புள்ளியோ வேறு குறியோ இல்லாத வெறும் ள வந்தால், எழுத்துத் தமிழில் அது பெரும்பாலும் ஔகாரம்தான்: கௌரி, மௌனம், சௌந்தரம். அப்படியே விதி வைத்து ஓட்டினேன்.

முதல் பக்கத்திலேயே ‘வௌக்கு’ என்று வந்தது.

இது வில்லுப்பாட்டு. இதில் விளக்கு ‘வெளக்கு’, விளையாட்டு ‘வெளயாட்டு’, விளைந்தது ‘வெளஞ்சது’. சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு வருகிற இடமெல்லாம் வெளக்கு இருக்கிறது. புத்தகம் முழுக்க இப்படி 117 இடம். எழுத்துப் பிழை திருத்தும் நிரல்களுக்கு வெளக்கும் தெரியாது, வௌக்கும் தெரியாது. ஔகாரம் வரும் ஒவ்வொரு இடத்தையும் வரியோடு பட்டியலிட்டு அச்சிட்டுக் கொடுத்தேன். புலவரின் மகன் வாய்விட்டுப் பாடிப் பார்த்துக் குறித்தார். பாடினால்தான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

ஆகஸ்ட் இறுதியில் 11 கோப்பும் யூனிகோடு உரையாக முடிந்தன. எந்த நிரலிலும் திறக்கும் வெறும் உரைக் கோப்பாக ஒன்று, அச்சான பக்கங்களின் பிடிஎஃப் ஒன்று, எழுத்துருவும் அக்காவின் பென்சில் தாளின் ஸ்கேனும் சேர்ந்த ஒரு கோப்புறை. மூன்றும் மூன்று வீட்டில் இருக்கின்றன.

அக்காவின் வேலை என்ன ஆயிற்று

புதிய வேலைகளை யூனிகோடில் செய்ய வேண்டும் என்று முடிவானபோது, தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். நல்ல முறைதான். ஆனால் 26 வருடம் பழகிய கையை மாற்றச் சொன்னால் அச்சகத்தின் வேகம் பாதியாகும், அக்காவுக்கு மன வருத்தமும் வரும். என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு நிரலில் பழைய தட்டச்சு முறையிலேயே யூனிகோடு அடிக்கும் வசதி இருக்கிறது. அதை நிறுவினேன். முதல் வாரம், கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் தாவுகிறது என்று தடுமாறினார். பிறகு பேச்சே இல்லை. கல்யாணப் பத்திரிகைகள் இன்னும் மெய்நிகர் கணினியில்தான் நடக்கின்றன. பழைய மாதிரிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. புத்தகங்கள் மட்டும் யூனிகோடில்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

சத்தம் போடும் டிஸ்க்கை நகலெடுக்கும் ஏற்பாடு கையில் இல்லாமல் இயக்க மாட்டேன். இந்த அடாப்டரை இப்போது நானே வாங்கி வைத்திருக்கிறேன். மெய்நிகர் கணினியை நிலைப்பதிவுக்குத் திருப்பும் முன் வேலைக் கோப்புகளை வெளியே எடுப்பேன். பழைய பிரிண்டர் டிரைவரை எழுத்துருவைப் போலவே முக்கியமான பொருளாகக் கருதி முதல் நாளே எடுத்து வைப்பேன்.

நேரடியாக விண்டோஸ் 11-இல் ஓட்டிப் பார்க்கச் செலவழித்த நாட்களை வீண் என்று சொல்ல மாட்டேன். அவசரமான வேலை இல்லாத இடமாக இருந்தால் அந்த வழியிலேயே இன்னும் போயிருப்பேன். இந்த இடத்தில் இரண்டு நாள் முன்பே விட்டிருக்கலாம்.

எல்லாவற்றையும் விட, இது கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே செய்ய வேண்டிய வேலை. 2011-இல், புலவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காலத்தில் மாற்றியிருந்தால் ஆறாம் கோப்பில் மூன்று பக்கம் போயிருக்காது. வெளக்கு எது என்று அவரே சொல்லியிருப்பார். அந்தக் காலத்தில் நான் அந்த அச்சகத்துக்கு மவுஸ் மாற்றவும் வைரஸ் நீக்கவும் மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்கத் தோன்றவில்லை.

இப்போது நான் போகும் அச்சகங்களில் எல்லாம், எந்தக் கோப்பு வேறு எங்கும் இல்லை என்று முதலில் கேட்கிறேன். திங்கள்சந்தைப் பக்கம் ஓர் அச்சகத்தில் இரண்டு புத்தகம் அப்படிக் கிடைத்திருக்கிறது. அந்த வேலை தொடங்கியிருக்கிறது.

ஆறாம் கோப்பின் தொலைந்த பக்கங்களில் 11 வரியின் பாடம் இன்னும் உறுதியாகவில்லை. பென்சில் குறிப்பு ஒன்று சொல்கிறது, அச்சான புத்தகம் வேறொன்று சொல்கிறது. உரைக் கோப்பில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறோம். புலவரோடு 30 வருடம் குடம் அடித்த ஒருவர் மயிலாடிப் பக்கம் இருக்கிறார். வயது 81. அந்த 11 வரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு மகனிடம் கொடுத்திருக்கிறேன்.